கண்ட்ரோல்+ஸ்பேஸ் யாருக்குச் சொந்தம்?

(டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. பொட்டி தட்டுறவங்களுக்கு மட்டும்னு நினைச்சு ஓடிராதீங்க. தமிழ்ல டைப் அடிக்கிற எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு.)

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துல, மாடியில, எங்க அத்தை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துறாங்க. காலையில ஆறு மணிக்கெல்லாம் முதல் பேட்ச் வந்துரும். ஒரே நேரத்துல பன்னிரண்டு மிஷின் ஓடுற சத்தம் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். தமிழ் லோயர், தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர், இங்கிலீஷ் ஹையர். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துற அந்தப் பரீட்சையைப் பாஸ் பண்ணினாத்தான் குரூப் 4-ல தட்டச்சர் வேலைக்கு மனு போட முடியும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலத்துல இருந்தெல்லாம் பஸ் ஏறி வர்ற பிள்ளைங்க நிறைய.

2013-ல நான் பிளஸ் டூ. அரசாங்கம் குடுத்த இலவச மடிக்கணினி கைக்கு வந்த வருஷம். அதுல விண்டோஸோட சேர்த்து சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருக்கும். எங்க கிளாஸ்ல பாதிப் பேர் அதைத் திறந்தே பார்க்கலை. நான் திறந்தேன், அப்படியே விழுந்தேன். விழுந்தவன் சும்மா இருக்காம, பென் டிரைவ் வைரஸ்ல செத்துக்கிட்டிருந்த அத்தையோட ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உபுண்டு 12.04 போட்டுக் குடுத்தேன். "வைரஸே வராது அத்தை"ன்னு பெருமை வேற.

முதல் நாளே பிரச்சினை. அத்தை விண்டோஸ்ல என்எச்எம் ரைட்டர் பழகினவங்க. அதுல ஆல்ட்+1 தமிழ்99, ஆல்ட்+2 ஒலிபெயர்ப்பு, ஆல்ட்+3 பழைய டைப்ரைட்டர் முறை, ஆல்ட்+0 மறுபடி இங்கிலீஷ். லினக்ஸ்ல ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து பழக்கதோஷத்துல ஆல்ட்+3 அமுக்கியிருக்காங்க. மூணாவது டேபுக்குத் தாவிருச்சு. விண்டோஸ்ல டேப் மாத்த கண்ட்ரோலோட எண்ணை அமுக்கணும், லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸ்ல ஆல்ட்டோட எண்ணை அமுக்கணும். அந்த ஊர் நியாயம் அப்படி.

"ஏன்டா மருமகனே, நான் தமிழ் கேட்டா இது பக்கத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகுது?"

இந்தப் பதிவுக்கு விதை அந்தக் கேள்விதான். ஒரே கீயை ரெண்டு பேர் கேட்டா யாருக்குக் கிடைக்கும்? யார் முடிவு பண்றது?

கொஞ்சம் பின்னாடி போவோம். தமிழ்த் தட்டச்சுப் பொறியில இந்தச் சண்டையே கிடையாது, ஏன்னா மிஷின் முழுசும் தமிழ்தான். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில பிறந்த ஆர். முத்தையா, 1930களில் 247 எழுத்தையும் ஒரு மிஷினுக்குள்ள அடக்க மண்டையை உடைச்சு ஒரு வழி கண்டுபிடிச்சார். சில கீயை அமுக்கினா தாள் நகராது. புள்ளியை அடிச்சுட்டு அதே இடத்துல 'க' அடிச்சா 'க்'. நகரா விசை. இன்னைக்கும் அத்தை கிளாஸ்ல முதல் வாரமே சொல்லிக் குடுக்கிற பாடம் அது.

கம்ப்யூட்டர் வந்ததும் ஒரே கீபோர்டுல ரெண்டு மொழி. அப்போ 'இப்ப தமிழுக்கு மாறு'ன்னு சொல்ல ஒரு கீ வேணும். வேலியே இல்லாத நிலம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் கல்லு நட்டாய்ங்க. ஸ்விட்சர்லாந்துல இருந்து கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துரு குடுத்தார். மலேசியாவுல இருந்து முத்து நெடுமாறனோட முரசு அஞ்சல் வந்தது. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட்99 மாநாடு விசைப்பலகையை ஒழுங்குபடுத்திச்சு. உயிர் இடதுகைக்கு, மெய் வலதுகைக்கு, 'ம' ரெண்டு தடவை அடிச்சா முதல் ம-வுக்குத் தானா புள்ளி. அருமையான யோசனை. ஆனா எந்தக் கீயை அமுக்கினா தமிழுக்கு மாறணும்ங்கிறதுக்கு நடைமுறையில பொதுவான வழக்கம்னு ஒண்ணு உருவாகவே இல்லை. ஈ-கலப்பைக்காரங்க ஆல்ட்+2 அமுக்கிப் பழகினாங்க, என்எச்எம்காரங்க ஆல்ட்+1. வலைப்பதிவு ஆரம்பிச்ச ஒரு தலைமுறையோட விரல் அதுலயே செட் ஆகிப்போச்சு.

(எங்க ஊர்ப் பேர்ல இயங்குற மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்னைக்குத் தொடங்கினது. அதோட சர்வர் மதுரையில இல்லை, ஆரம்பிச்சவர் இருந்ததும் லோசான்ல. சங்கம் இருந்த ஊருங்கிற மரியாதைக்கு வச்ச பேர். உலகம் முழுக்க தன்னார்வலர்கள் தட்டிக் குடுத்த நூல்கள் அது. அந்த விரல்கள் எத்தனை விதமான கீ அமுக்கி மொழி மாத்தியிருக்கும்னு நினைச்சாலே எனக்கு மலைப்பா இருக்கும்.)

இனி லினக்ஸ். மாட்டுத்தாவணியில விசேஷ நாள்ல பஸ் வந்து நிக்கிறதுக்குள்ள ஜன்னல் வழியா துண்டு போடுறதைப் பார்த்திருப்பீங்க. துண்டு யாருதோ சீட்டு அவருது. லினக்ஸ் டெஸ்க்டாப்பைப் பல வருஷம் தாங்கின எக்ஸ்11 அமைப்பு (பிறந்தது 1987) அச்சு அசல் அதே முறை. ஒரு நிரல் எக்ஸ் சர்வர்கிட்ட "கண்ட்ரோல்+ஆல்ட்+எல் எனக்கு"ன்னு துண்டு போடும். அப்புறம் வர்ற நிரல் அதையே கேட்டா சர்வர் 'அனுமதி இல்லை'ன்னு ஒரு பிழைச்செய்தியை அந்த நிரலுக்கு மட்டும் அனுப்பும். அந்த நிரல் அதை உங்ககிட்ட சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். பெரும்பாலும் சொல்லாது. நீங்க கீயை அமுக்குவீங்க, ஒண்ணும் நடக்காது, இல்ல வேற என்னவோ நடக்கும். ஜாவா எழுதுறவங்க இன்டெல்லிஜேவுல நிரலை ஒழுங்குபடுத்த கண்ட்ரோல்+ஆல்ட்+எல் அமுக்கினா உபுண்டுல ஸ்க்ரீன் பூட்டிக்கும். எக்லிப்ஸ்ல ஒரு வரியை நகலெடுக்க கண்ட்ரோல்+ஆல்ட்+கீழ் அம்பு அமுக்கினா பணியிடம் மாறிடும். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுல பாதி லேப் நேரம் இப்படித்தான் போச்சு.

துண்டு போடுறதுல பல அடுக்கு வேற. முதல்ல கெர்னல், அதுக்கு மேல எக்ஸ் சர்வர், அப்புறம் சாளர மேலாளர், அப்புறம் தமிழ் உள்ளீட்டு நிரல், கடைசியாத்தான் நீங்க எழுதிக்கிட்டிருக்கிற ஆபீஸோ ஃபயர்ஃபாக்ஸோ. மேல இருக்கிறவன் எடுத்துக்கிட்டா கீழ இருக்கிறவனுக்கு அந்தக் கீ அமுங்கினதே தெரியாது.

இந்தச் சண்டை தமிழால வந்ததில்லைன்னும் சொல்லணும். டெர்மினல்ல கண்ட்ரோல்+எஸ் அமுக்கிட்டு 'கம்ப்யூட்டர் ஹேங் ஆயிருச்சு'ன்னு ரீஸ்டார்ட் பண்ணாத புதுப்பையன் உண்டா? அது 1960களின் டெலிடைப் மிஷினோட மிச்சம். அப்போ அந்தக் குறிக்கு 'நிறுத்து'ன்னு அர்த்தம், கண்ட்ரோல்+க்யூ 'ஓட்டு'. கண்ட்ரோல்+சி கதையும் அதுவே. யுனிக்ஸ்ல அது ஓடுற நிரலை நிறுத்துற கீ. ஆப்பிள்காரங்க நகலெடுக்க கமாண்ட்னு தனிக் கீ வச்சதால அவங்களுக்கு முட்டலை. விண்டோஸ் அதைக் கண்ட்ரோலுக்குக் கொண்டு வந்தது. லினக்ஸ் ரெண்டு பேர் சொத்தையும் வாரிசா வாங்கிச்சு. அதான் டெர்மினல்ல மட்டும் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+சி.

தமிழுக்கு வருவோம். லினக்ஸ்ல முதல்ல இருந்த வழி எக்ஸ்கேபி, அதாவது எக்ஸ் சர்வரோட சொந்த விசைப்பலகைப் பட்டியல். அதுல ஒரு கீக்கு ஒரு குறிதான். 'ம' ரெண்டு தடவை அடிச்சா புள்ளி போடுற புத்தி அதுக்குக் கிடையாது. டைப்ரைட்டர் முறையில 'கெ'ன்னு அடிக்க முதல்ல கொம்பு, அப்புறம் 'க'. யூனிகோட்ல முதல்ல 'க', அப்புறம் கொம்பு. அதைத் திருப்பிப் போடவும் எக்ஸ்கேபியால முடியாது. இதைவிடக் கொடுமை, தமிழுக்கு மாறிட்டா குறுக்குவிசையே வேலை செய்யாது. தமிழ்99-ல சி இருக்கிற இடத்துல 'ஒ', வி இருக்கிற இடத்துல 'வ', இசட் இருக்கிற இடத்துல 'ஔ'. நீங்க நகலெடுக்கணும்னு அமுக்குறது கண்ட்ரோல்+ஒ. சில நிரல்கள் 'ஓ, இவர் சி-யைத்தான் சொல்றார்'னு புரிஞ்சுக்கும். பலது முழிக்கும். தப்பை அழிக்கக் கண்ட்ரோல்+ஔ அமுக்கி ஔவையாரைத்தான் கூப்பிடணும் :-)

மொழி மாத்த அங்க நிறையப் பேர் வச்சிருந்தது ஆல்ட்+ஷிஃப்ட். அதுலயும் ஒரு கோளாறு. எக்ஸ் சர்வர் கீயை விடும்போது மாத்தாம, அமுக்கும்போதே மாத்தும். அதனால ஆல்ட்+ஷிஃப்ட்ல ஆரம்பிக்கிற எந்தக் குறுக்குவிசையும் அவ்வளவுதான். ஃப்ரீடெஸ்க்டாப் பிழைப் பட்டியல்ல இது எண் 865, 2004-ல பதிஞ்சது. ரஷ்யாக்காரங்க, இஸ்ரேல்காரங்க, கிரேக்கர்கள்னு ரெண்டு லிபியில எழுதுறவங்க எல்லாருக்கும் இதே வயித்தெரிச்சல். லத்தீன் எழுத்து மட்டும் போதும்ங்கிறவனுக்கு இது பிழைன்னே தோணாது. அதனாலதான் அது அவ்வளவு காலம் கிடந்ததுன்னு நான் நினைக்கிறேன்.

இதுக்குத் தீர்வா வந்தது உள்ளீட்டு நிரல்கள். 2000களில் ஸ்கிம், அதுல தமிழுக்கு எம்17என் பட்டியல். (ஜப்பான்காரங்க வேலை. 'பன்மொழியாக்கம்'ங்கிற இங்கிலீஷ் வார்த்தையில எம்முக்கும் என்னுக்கும் நடுவுல 17 எழுத்து, அதான் பேர்.) தமிழ்99, டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு எல்லாம் உண்டு. கீபோர்டு இங்கிலீஷாவே இருக்கும், நடுவுல இந்த நிரல் உட்கார்ந்து எழுத்தை மட்டும் தமிழாக்கும். கண்ட்ரோல்+சி பழையபடி கண்ட்ரோல்+சி. பெரிய நிம்மதி.

ஆனா ஸ்கிம் எழுதினவர் சீனாக்காரர். சீன விண்டோஸ்ல மொழி மாத்துற வழக்கம் கண்ட்ரோல்+ஸ்பேஸ். அதையே இங்கயும் வச்சார். நமக்கும் அதுதான் வந்து சேர்ந்தது. ஈமேக்ஸ்ல கண்ட்ரோல்+ஸ்பேஸ்னா எங்க இருந்து வெட்டணும்னு குறி வைக்கிற கீ. ஒரு நாளைக்கு நூறு தடவை அமுக்குவாங்க. எக்லிப்ஸ்ல அது வார்த்தையை முடிச்சுக் குடுக்கிற கீ. எக்செல்லிலயும் லிப்ரே ஆபீஸ் கால்க்லயும் ஒரு நெடுவரிசையை முழுசாத் தேர்ந்தெடுக்கிற கீ. இந்தக் கடைசி வரியை ஞாபகத்துல வச்சுக்கங்க.

ஈமேக்ஸ்காரங்க தங்களுக்குன்னு கண்ட்ரோல்+பின்சாய்கோடு வச்சிருக்காங்க, அமுக்கினா உள்ளயே தமிழ் வரும். நான் அதுக்குப் பழகிட்டு வெளிய டெர்மினல்லயும் கை தானா போய் அமுக்குச்சு. அங்க அதுக்கு அர்த்தம் 'ஓடுற நிரலைக் கொன்னுடு'. இரண்டு மணி நேரமா ஓடிக்கிட்டிருந்த ப்ராஜெக்ட் கணக்கு போச்சு. சரி, அது என் சொந்தக் கதை.

2008-ல ஸ்கிம்முக்கு மாற்றா ரெட் ஹாட்ல இருந்து ஐபஸ் வந்தது. ஆரம்பத்துல அதுலயும் கண்ட்ரோல்+ஸ்பேஸ்தான். அத்தைக்கு 12.04-ல நான் வச்சுக் குடுத்தது இதுதான். எம்17என் டைப்ரைட்டர் பட்டியல், கண்ட்ரோல்+ஸ்பேஸ் அமுக்கினா தமிழ், திருப்பி அமுக்கினா இங்கிலீஷ். ஆல்ட்+3 பழக்கத்தை மறக்க அவங்களுக்கு ஒரு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் கை தானா போச்சு.

2012-ல ஐபஸ் 1.5. அதே வருஷம் க்னோம் 3.6 ஐபஸைத் தனக்குள்ள இழுத்துக்கிச்சு. எல்லார் குறுக்குவிசையோடவும் முட்டுற கண்ட்ரோல்+ஸ்பேஸை விட்டுட்டு சூப்பர்+ஸ்பேஸுக்கு மாத்துனாங்க. சூப்பர்னா விண்டோஸ் படம் போட்ட கீ. பேர் மட்டும் எம்ஐடியில 1970களின் கடைசியில செஞ்ச ஒரு பிரம்மாண்ட கீபோர்டுல இருந்து வந்தது, அதுல கண்ட்ரோல், மெட்டா, சூப்பர், ஹைப்பர்னு வரிசையா இருக்கும். சாதாரண நிரல்கள் சூப்பரைத் தொடாது, அது டெஸ்க்டாப்போட சொத்துன்னு ஒரு பேசாத ஒப்பந்தம். யோசிச்சுப் பார்த்தா சரியான முடிவு. நானா இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன். ஆனா பழைய கீ வெறுமனே காலியாகலை. ஐபஸ் எழுந்து போன சீட்டுல, வரிசையில அடுத்து நின்ன நிரல் உட்கார்ந்துக்கிச்சு.

2014 தீபாவளி லீவு. நான் காலேஜ் முதல் வருஷம். அத்தை கம்ப்யூட்டரை 12.04-ல இருந்து 14.04-க்கு ஏத்திட்டு, தமிழ் வருதான்னு மட்டும் பார்த்துட்டு, ஹாஸ்டலுக்குப் போயிட்டேன். பார்த்தது மேல இருக்கிற படத்தை மவுஸால கிளிக் பண்ணி. கீயை அமுக்கிப் பார்க்கலை.

ரெண்டு நாள் கழிச்சு அத்தை பரீட்சைக்குப் பணம் கட்டுற பிள்ளைங்க பட்டியலைக் கால்க்ல திறந்திருக்காங்க. அறுபத்துநாலு பேர். பெயர் நெடுவரிசையில ஒரு பேரைத் தமிழ்ல திருத்தணும். கண்ட்ரோல்+ஸ்பேஸ். ஐபஸ் அதைக் கண்டுக்கலை, கால்க் எடுத்துக்கிச்சு, நெடுவரிசை முழுக்க நீலமாச்சு. அத்தை திரையைப் பார்த்து அடிக்கிற ஆள் இல்லை, தாளைப் பார்த்து அடிக்கிறவங்க. முப்பது வருஷப் பழக்கம், மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக் குடுக்குறாங்க. அடிச்சு என்டர் தட்டிட்டு நிமிர்ந்து பார்த்தா இங்கிலீஷ்ல கண்டபடி எழுத்து. அழிக்கலாம்னு டெலீட். நீலத்துல இருந்த மொத்தமும் போச்சு. என்னவோ ஆகுதுன்னு பயந்து சேமிச்சு மூடிட்டாங்க. மூடினதோட திரும்பப் பெறுற வழியும் மூடிருச்சு.

எனக்கு ஃபோன் பண்ணலை. கடைசி நாளுக்கு முந்தின நாள் அது. பழைய நோட்டை எடுத்து வச்சு அறுபத்துநாலு பேரையும் மவுஸால மொழி மாத்தி, அரை மணி நேரத்துல திருப்பி அடிச்சாங்க. வேகம் அப்படி. அந்த அவசரத்துல மேலூர்ப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தியோட இனிஷியல் மேல இருக்கிற வரியோட மாறிப்போச்சு. ஹால் டிக்கெட் வந்தப்பதான் தெரிஞ்சது. சான்றிதழ்லயும் அப்படியே வந்துட்டா பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோட பேர் ஒத்துப்போகாது, குரூப் 4 சரிபார்ப்புல நிப்பாட்டிருவாங்க. அத்தை ராத்திரி பஸ் ஏறி, 460 கிலோமீட்டர், கிண்டி வரைக்கும் போய் மாத்திட்டு வந்தாங்க. பஸ் செலவை அந்தப் பொண்ணுகிட்ட வாங்கலை.

ஊருக்கு வந்து விஷயம் கேள்விப்பட்டதும் நான் பண்ணின முதல் காரியம், எது எதுல முட்டுதுன்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தாள்ல எழுதினதுதான். அதுக்கு முன்னாடி நான் அப்படிப் பண்ணினதே இல்லை. டெஸ்க்டாப் அமைப்புல இருக்கிற குறுக்குவிசை ஒரு பத்தி, ஐபஸ் ஒரு பத்தி, அத்தை அன்றாடம் திறக்கிற மூணு நிரல் ஒரு பத்தி. எந்தக் கீ எந்த அடுக்குல நிக்குதுன்னு சந்தேகம் வந்தா, அமுக்கின கீயைக் காட்டுற சின்ன எக்ஸ் கருவி ஒண்ணு உண்டு, அதுல அமுக்கிப் பார்க்கணும். அமுக்கியும் அதுல ஒண்ணும் தெரியலைன்னா மேல எவனோ துண்டு போட்டிருக்கான்னு அர்த்தம். கேடிஇயில இந்தத் தொல்லை கம்மி, புதுக் குறுக்குவிசை வைக்கும்போதே 'இது இன்னாருக்கு ஏற்கெனவே இருக்கு, மாத்தட்டுமா'ன்னு பேரைச் சொல்லிக் கேட்கும். ஆனா அதுக்கும் டெஸ்க்டாப் சங்கதிதான் தெரியும். கால்க்குக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது.

எழுதின தாளை அத்தைகிட்ட குடுத்து, "இதுல இல்லாத கீ ஒண்ணு சொல்லுங்க"ன்னேன். கீபோர்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. வலப்பக்கக் கண்ட்ரோலுக்குப் பக்கத்துல பட்டியல் படம் போட்ட மெனு கீயைத் தொட்டு, "இது எதுக்குடா?"

"ரைட் கிளிக்குக்குப் பதிலா, அத்தை."

"யாரு அமுக்குறா?"

யாரும் அமுக்குறதில்லை. அதையே வச்சேன். ஒரே கீ, வலது கை விரல் கொஞ்சம் நீட்டினா போதும், எந்த நிரலோடவும் பெரிசா முட்டலை. அடுத்து வந்த மூணு உபுண்டுலயும் ஏத்தின உடனே முதல் வேலையா கீயை அமுக்கி, கால்க்லயே சோதிச்சுட்டுத்தான் எந்திரிப்பேன்.

இப்போ எக்ஸ்11 காலம் முடிஞ்சுக்கிட்டு வருது. வேலண்டுல துண்டு போடுற வேலையே கிடையாது, கண்டக்டர்தான் சீட்டு குடுப்பார். நிரல் தன் இஷ்டத்துக்குக் கீயைப் பிடிக்க முடியாது, டெஸ்க்டாப்கிட்ட கேட்கணும், டெஸ்க்டாப் உங்ககிட்ட கேட்கும். ஃபெடோரா 2016-லயே இதுக்கு மாறிருச்சு. ஆனா அந்த 'கேட்கிற' முறை க்னோமுக்கு வந்தது 2025 மார்ச்ல, 48-ஆம் பதிப்புல. நடுவுல அத்தனை வருஷம் சீட்டே குடுக்காத கண்டக்டர்தான்.

போன மாசம் அத்தைக்குப் புது லேப்டாப் வாங்கிக் குடுத்தேன். லினக்ஸ் போட்டு, ஐபஸ் வச்சு, டைப்ரைட்டர் பட்டியலும் ஏத்தி, பெருமையா முன்னாடி வச்சேன். அத்தை கை நேரா வலப்பக்கம் போய் நின்னுச்சு. மெனு கீ இல்லை. 2024-ல இருந்து புது லேப்டாப்கள்ல அந்த இடத்துல மைக்ரோசாஃப்ட்டோட கோபைலட் கீ வர ஆரம்பிச்சிருக்கு. அது ஒரு கீயே இல்லைங்க. அமுக்கினா ஷிஃப்ட், சூப்பர், எஃப்23 மூணையும் சேர்த்து அனுப்பும். எஃப்23-ங்கிற கீயை வாழ்நாள்ல யாராவது பார்த்திருக்கீங்களா?

"இது யாரோட கீடா?"ன்னாங்க அத்தை.

"அமெரிக்காக்காரன் துண்டு போட்டிருக்கான், அத்தை."

"எடுத்துக் கீழ போடு. நாளைக்குப் பரீட்சைப் பட்டியல் அடிக்கணும்."

அன்னைக்கு ராத்திரி பதினொன்றரை வரைக்கும் உட்கார்ந்து, அந்த மூணையும் சேர்த்து ஒரே மெனு கீயா மாத்தி, கால்க்ல வெறும் பட்டியல் ஒண்ணைத் திறந்து, கண்ட்ரோல்+ஸ்பேஸையும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துட்டுத்தான் படுக்கப் போனேன்.